சீரகம் கேட்டால் சோம்பு வருகிறது! சுங்கை சிப்புட்டில் மளிகை எங்கே, எப்படி வாங்குவது?

விருதுநகர்க்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. கணவருக்கு ஊருக்கு வெளியே பாமாயில் ஆலையில் வேலை. டவுனை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், வாடகை வீடு. ஊர் பிடித்திருக்கிறது, அக்கம்பக்கம் பிடித்திருக்கிறது. சமையல்தான் ஓடமாட்டேன் என்கிறது.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் அவமானம் புரியும். நான் பிறந்தது விருதுநகர். ஒன்றும் விளையாது, ஆனால் எல்லாவற்றுக்கும் விலை சொல்லும் ஊர் என்று அதைப் பற்றிப் பேசுவார்கள். அப்பா வற்றல் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதியவர். ஒரு மிளகாய் வற்றலை ஒடித்துப் பார்த்தே இது புதுச் சரக்கா, போன வருடத்துச் சரக்கா என்று சொல்லிவிடுவேன். துவரம் பருப்பில் எண்ணெய் தடவியிருக்கிறதா என்று விரலால் தேய்த்தால் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவள் இங்கே ஒரு மினி மார்க்கெட் அலமாரி முன்னால் நின்று, எழுதப் படிக்கத் தெரியாதவள் மாதிரி முழிக்கிறேன். எழுத்து ஆங்கில எழுத்துதான், மொழி மலாய், வாசிக்கவும் முடிகிறது. என்ன பொருள் என்றுதான் தெரியவில்லை.

வந்த இரண்டாம் வாரம் கொழுக்கட்டை பிடிக்கலாம் என்று அரிசி மாவு வாங்கினேன். யானைப் படம் போட்ட பாக்கெட், உள்ளே பால் மாதிரி வெள்ளை. வெந்நீர் ஊற்றிக் கிளறினால் கரண்டி வெளியே வரவில்லை. வேக வைத்து எடுத்தால் பதினான்கு கொழுக்கட்டையும் ஒரே கொழுக்கட்டையாக இருந்தது. கணவர் ஒரு வாய் மென்றுவிட்டு, "இதை ஆலையில் குழாய் ஒட்ட வைத்துக்கொள்ளலாம்" என்றார். பாக்கெட்டில் தெப்புங் புலுட் என்று போட்டிருந்தது. புலுட் என்றால் பச்சரிசி என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது நல்லெண்ணெய். மின்யாக் பீஜான் என்றால் எள் எண்ணெய் என்று கைப்பேசியில் தேடித் தெரிந்துகொண்டு, பெருமையாக ஒரு பாட்டில் வாங்கினேன். நிறமே கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தபோது நின்று யோசித்திருக்க வேண்டும். வத்தக்குழம்பில் தாராளமாக ஊற்றினேன். வீடு முழுக்கச் சீனச் சாப்பாட்டுக் கடை வாசம். குழம்பை வீணாக்க மனமில்லாமல் இரண்டு நாள் தின்றோம்.

அப்புறம் கொத்தமல்லி என்று வாங்கிய கட்டு. இலை அதே இலை, காம்பு அதே காம்பு. ரசத்தில் போட்ட பிறகுதான் வேறு ஏதோ என்று மூக்கு சொன்னது. சீரகம் கேட்ட இடத்தில் ஜிந்தான் என்று ஒரு பாக்கெட் கொடுத்தார்கள், வீட்டில் பிரித்தால் சோம்பு. சாம்பாருக்கு வாங்கிய பருப்பு செம்மஞ்சள் நிறம், பத்து நிமிடத்தில் கூழ்.

ஆக, என் கேள்விகள் இவை. துவரம் பருப்பு, இட்லிக்குப் புழுங்கலரிசி, உண்மையான நல்லெண்ணெய், இவையெல்லாம் இந்த ஊரிலேயே கிடைக்குமா, பக்கத்துப் பெரிய நகரமான ஈப்போவுக்குத்தான் போக வேண்டுமா? எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கணவருக்கு மாற்று ஷிப்ட், ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்? அடுத்த மாதம் அம்மா வருகிறார். "என்னென்ன கட்டிக்கொண்டு வரட்டும்" என்று தினமும் போனில் கேட்கிறார். நான் ஒரு சாக்கு மூட்டை அளவுக்குப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். அனுப்பவா, வேண்டாமா?

---

லயத்து வீட்டு அக்கா எழுதியது:

தங்கச்சி, முதலில் சிரித்ததற்கு மன்னித்துக்கொள். பதினான்கும் ஒன்றான கதையை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன், அவளும் சிரித்தாள்.

நான் இந்த வட்டாரத்திலேயே பால்மர (ரப்பர்) தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். நீ கேட்ட எல்லாமே இங்கே இருக்கின்றன. பெயர்தான் மாறிக் கிடக்கிறது. புலுட் என்றால் ஒட்டரிசி. உனக்கு வேண்டியது தெப்புங் பெராஸ். அதே மூன்று தலை யானைப் பாக்கெட்டில் சிவப்பு எழுத்து அரிசி மாவு, பச்சை எழுத்து ஒட்டரிசி மாவு. நிறத்தைப் பார்த்து எடு, படிக்கவே வேண்டாம். இடியாப்பம், கொழுக்கட்டை இரண்டுக்கும் சிவப்பு. இன்னொன்று, கோதுமை மாவு என்று தெப்புங் கண்டும் வாங்கிச் சப்பாத்தி போட்டுவிடாதே. அது மைதா. சப்பாத்திக்கு ஆட்டா என்றே கேள்.

ஜிந்தான் விஷயம் எல்லோரும் விழுகிற பள்ளம். ஜிந்தான் பூத்தே சீரகம், ஜிந்தான் மானிஸ் சோம்பு, ஜிந்தான் ஹீத்தாம் கருஞ்சீரகம். பூத்தே வெள்ளை, மானிஸ் இனிப்பு, ஹீத்தாம் கறுப்பு. சோம்பை வாயில் போட்டால் இனிக்கும் இல்லையா, அப்படி நினைவில் வை. வெறும் ஜிந்தான் என்று கேட்டால் கடைக்காரர் கைக்கு வந்ததைக் கொடுப்பார். மல்லி கெத்தும்பார், வெந்தயம் ஹல்பா, கடுகு பீஜி சாவி, வற்றல் சீலி கெரிங், புளி ஆசாம் ஜாவா. ஆசாம் கெப்பிங் என்று கறுத்த வில்லைகள் இருக்கும், அதைப் புளி என்று கரைக்க உட்காராதே, கரையாது. மீன் கறியில் இரண்டு வில்லை போட்டுக் கடைசியில் எடுத்துவிட வேண்டும். அதுவும் ஒரு ருசிதான், பழகிப் பார்.

ஆமாம், கறி என்றால் இங்கே குழம்பு. பக்கத்து வீட்டில் "இன்றைக்கு மீன் கறி" என்றால் குழம்பிவிடாதே. உங்கள் ஊரில் கறி என்றாலே ஆட்டிறைச்சிதானாமே.

நீ வாங்கிய கட்டு டாவுன் சுப். சூப்பில் போடுகிற தழை. டாவுன் கெத்தும்பார்தான் கொத்தமல்லி. கண்ணால் பிரிக்க முடியாது, ஒரு இலையைக் கசக்கி மோந்து பார். பாசாரில், அதாவது சந்தையில், யாரும் திட்டமாட்டார்கள், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறோம். காலையில் ஏழு மணிக்குள் பாசாருக்குப் போ. கெலாப்பா பாருட் என்றால் தேங்காயை இயந்திரத்தில் துருவி அங்கேயே பையில் போட்டுத் தருவார்கள். காய்கறிக்காரர் செக்காத்தி இவ்வளவு என்று விலை சொன்னால் கிலோ என்று நினைத்துச் சண்டை போடாதே. அது ஒரு காத்தி, ஏறக்குறைய 600 கிராம். எங்கள் அம்மா காலத்து எடை, இன்னும் சாகவில்லை.

மீனுக்கு உனக்குப் பாதி மொழி ஏற்கெனவே தெரியும். பாவால் என்றால் வாவல்தான். தெங்கிரி வஞ்சிரம், பீலிஸ் நெத்திலி. வெண்டைக்காய் பெண்டி, முருங்கை மெருங்கை, கடை கெடாய். நம் சொல் அங்கே போய் மலாய்ச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் செம்மஞ்சள் பருப்பு மைசூர்ப் பருப்பு. அதைக் குறை சொல்லாதே, எங்கள் வீட்டுச் சாம்பார் நாற்பது வருடமாக அதில்தான். தோட்டத்துக் கடையில் புத்தகத்தில் எழுதி வாங்கிச் சம்பள நாளில் அடைத்த காலத்தில், விறகு அடுப்பில் சீக்கிரம் வேகிற பருப்புதான் எங்களுக்குத் தேவைப்பட்டது. காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் வரிசைக்கு, நிற்க வேண்டியவள் துவரம் பருப்பு வேகும் வரை காத்திருப்பாளா?

---

கல்லாப்பெட்டி எழுதியது:

நான் சாமான் கடை வைத்திருப்பவன், உங்கள் ஊர் இல்லை, பேராக்கிலேயே வேறு டவுன். அக்கா சொன்னதற்கு மேல் வியாபாரிக்குத் தெரிந்த இரண்டு விஷயம் சொல்கிறேன்.

துவரம் பருப்பு நம் கடைகள் எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் வெறுமனே "டால்" என்றால் மைசூர்ப் பருப்போ மஞ்சள் பட்டாணிப் பருப்போதான் வரும். இங்கே அதிகம் விற்பது அதுதான். தமிழ்க் கடையில் தமிழிலேயே துவரை என்று கேளுங்கள். தயங்கித் தயங்கி மலாயில் கேட்டால் நாங்களும் மலாயிலேயே பதில் சொல்லிவிடுவோம்.

அரிசிக்குப் பொன்னிப் புழுங்கல் என்று கேளுங்கள். சோற்றுக்கும் ஆகும், இட்லிக்கும் ஆகும். உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி (ரிங்கிட்) என்று அரசாங்கம் விலை கட்டியிருக்கிறது. பொன்னிக்கு அந்தக் கட்டு கிடையாது, இந்தியாவில் தும்மினால் இங்கே விலை ஏறும். 2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது, ஆகஸ்டில் புழுங்கலுக்கு 20 சதவீத வரி போட்டது. வாடிக்கையாளர்கள் நான் ஏதோ பதுக்கிவிட்டதாக என் முகத்தைப் பார்த்தார்கள். டிசம்பரில் வெங்காயத்தையும் நிறுத்தினார்கள். அப்போது கடையில் இருந்தது பெரும்பாலும் பாகிஸ்தான், சீனச் சரக்கும் மஞ்சள் தோல் ஹாலந்து வெங்காயமும்தான். ஹாலந்து வெங்காயம் நீர்ச்சத்து, சாலட்டுக்கு நல்லது, வதக்கினால் சுருண்டு போகும். குழம்புக்கு இந்தியச் சிவப்பு வெங்காயமோ பாவாங் மேரா என்கிற சின்ன வெங்காயமோ வாங்குங்கள்.

ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2 வெள்ளி 50 காசு என்று பார்த்துவிட்டு ஆசைப்படாதீர்கள். அது மானிய எண்ணெய், நாட்டு மக்களுக்கு என்று ஒதுக்கியது, வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். பாட்டில் எண்ணெய் வாங்குங்கள். ஊரைச் சுற்றிச் செம்பனை நிற்கும்போது எண்ணெய்க்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

நல்லெண்ணெய்க்கு வருவோம். சீனர் பீஜான் எண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது, வாசத்துக்கு நாலு சொட்டு விடுவது. நீங்கள் அதைக் குழம்பில் கொட்டியிருக்கிறீர்கள். நம் செக்கெண்ணெய் மாதிரி வேண்டுமானால் தமிழ்க் கடையில் நல்லெண்ணெய் என்றே கேளுங்கள். விருதுநகர்க்காரர் நல்லெண்ணெய் தேடி அலைந்தேன் என்று எழுதியிருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று வாங்கும்போது லேபிளைப் பாருங்கள்.

---

தஞ்சாவூரிலிருந்து ஈப்போ எழுதியது:

ஆறு வருடமாக ஈப்போவில் இருக்கிறேன். என் கருத்து வேறு. சின்ன டவுனில் தேடித் தேடி நேரத்தை வீணாக்காமல் மாதம் ஒரு ஞாயிறு ஈப்போவுக்கு வந்துவிடுங்கள். முப்பது கிலோமீட்டர்தான், ரயிலும் இருக்கிறது. ஜாலான் லாஹாட் பக்கம் லிட்டில் இந்தியாவில் ஒரே நடையில் எல்லாம் முடிந்துவிடும், மாவிலை முதல் பூ வரை.

அம்மாவின் பட்டியலைக் குறையுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் எதுவும் சுமக்க வேண்டாம். கறிவேப்பிலைக் கன்று, விதை, மண் ஒட்டிய கிழங்கு, இறைச்சி இதெல்லாம் அனுமதிப் பத்திரம் இல்லாமல் கொண்டு வரக் கூடாது, விமான நிலையத்தில் அதிகாரிகள் சோதித்துப் பார்க்கிறார்கள். என் அம்மா முதல் முறை வந்தபோது முருங்கைக் குச்சி கொண்டு வந்து, அதை அங்கேயே விட்டுவிட்டு அழுதுகொண்டே வெளியே வந்தார். சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், வறுத்து அரைத்த குழம்புப் பொடி, இவை போதும். சந்தேகம் இருந்தால் சுங்கச் சோதனையில் சிவப்புப் பாதையில் போய்த் திறந்து காட்டிவிடச் சொல்லுங்கள்.

முக்கியமாக ஒன்று. அம்மா சிங்கப்பூர் வழியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதாக இருந்தால் கசகசா கையில் இருக்கவே கூடாது. இங்கே குருமாவுக்குக் கசகசா சாதாரணமாகக் கடையில் கிடைக்கிறது, அங்கே அது தடை செய்த பொருள்.

---

லயத்து வீட்டு அக்கா எழுதியது:

தஞ்சாவூர் தம்பி, ஈப்போ போவது நல்லதுதான், தீபாவளிக்கு நாங்களும் போவோம். ஆனால் வண்டி ஓட்டத் தெரியாத பெண் இருபது கிலோ சாமானைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவாளா? மாதம் ஒரு முறை மூட்டையாக வாங்கினால் இந்த ஊர் ஈரத்தில் ரவையில் பூச்சி, மிளகாய்த் தூளில் கட்டி. கொஞ்சமாக வாங்கி, தூள்களைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மல்லியும் வற்றலும் காய வைப்பதாக இருந்தால் காலையிலேயே வெயிலில் போட்டு எடுத்துவிடு தங்கச்சி. மத்தியானத்துக்கு மேல் மழையை நம்பக் கூடாது.

இட்லி மாவுக்கும் இதே கணக்குதான். விருதுநகரில் எவ்வளவு நேரம் புளிக்க வைப்பாயோ தெரியாது, இங்கே ராத்திரி பத்து மணிக்குக் கரைத்து வைத்தால் விடியும் முன்பே மேசை எல்லாம் மாவு. பாத்திரத்தில் பாதிதான் ஊற்ற வேண்டும்.

குழம்புப் பொடிக்கு அம்மாவை எதிர்பார்க்காதே. பாக்கெட்டில் வருகிற பாபாஸ், அடாபி மசாலா மீன் கறிக்கு வேறு, இறைச்சிக் கறிக்கு வேறு. இரண்டையும் ஒரு முறை செய்து பார். உனக்குச் சோம்பு தூக்கலாகத் தெரியும், எங்களுக்கு அதுதான் மசாலா. பிடிக்கவில்லையென்றால் சாமான் வாங்கி வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள்?

---

விருதுநகர்க்காரி எழுதியது:

அக்கா, பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க்கார அம்மா, எல்லோரும் காக், அதாவது அக்கா, என்கிறார்கள். வேலி ஓரம் கறிவேப்பிலை மரம் வைத்திருக்கிறார். இதுவரை புன்னகையோடு சரி. நீங்கள் கேட்ட பிறகு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணிந்து போய் "டாவுன் காரி?" என்று கேட்டேன். ஒரு கிளையையே ஒடித்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை அவரே என்னைத் தன் வண்டியில் பாசாருக்குக் கூட்டிப் போனார். டாவுன் கெத்தும்பாரைக் கசக்கி மோந்து வாங்கினேன். செக்காத்தி வெண்டைக்காய் வாங்கினேன், சண்டை போடவில்லை. ஜிந்தான் பூத்தே என்று நான் தெளிவாகச் சொன்னபோது கடைப் பையன் நிமிர்ந்து பார்த்தான். ஆனால் வற்றலை ஒடித்துப் பார்த்தபோது காக் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அது மட்டும் இங்கே வழக்கமில்லையோ என்னவோ. போன வருடத்துச் சரக்குதான், அதையும் எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்குப் பட்டியல் அனுப்பிவிட்டேன். இரண்டு வற்றல், ஒரு பொடி, அவ்வளவுதான். "இதுக்கா நான் இத்தனை நாளாகக் கேட்டேன்" என்று கோபித்துக்கொண்டார். முருங்கைக் குச்சி கூடாது என்று தனியாக இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் மிச்சமிருந்த புலுட் மாவைக் காக்கிடம் காட்டி, கைச்சாடையில் கொழுக்கட்டைக் கதையைச் சொன்னேன். அவர் அதை வாங்கிப் பாண்டான் இலைச் சாறு விட்டுப் பிசைந்து, உள்ளே குலா மலாக்கா என்கிற வெல்லம் வைத்து உருட்டி, கொதிக்கிற நீரில் போட்டார். மிதந்து வந்ததும் எடுத்துத் தேங்காய்த் துருவலில் புரட்டினார். ஒண்டே ஒண்டே என்று பெயராம். கடித்தால் உள்ளே கருப்பட்டிப் பாகு மாதிரி வெடிக்கிறது. கணவர் எட்டு தின்றார். குழாய் பற்றி இப்போது பேச்சே இல்லை.

கல்லாப்பெட்டி அண்ணன் சொன்னபடி பாசாரிலிருந்து திரும்பும் வழியில் தமிழ்க் கடையில் நல்லெண்ணெய் கேட்டேன். இதயம் நல்லெண்ணெயை எடுத்து வைத்தார். லேபிளைத் திருப்பினால் விருதுநகர்! கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. "அண்ணே, இது எங்க ஊரு" என்றேன்.

அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்ல ஊரும்மா. ஆனா விலை குறையாது" என்றார்.